ஏபிக்கும் கன்ட்ரோலருக்கும் பொருத்தம் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், பழைய வயர்லெஸ் கன்ட்ரோலரை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள் என்று போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "எங்களிடம் இந்தக் கன்ட்ரோலர் இருக்கிறது, அந்த ஏபி மலிவாகக் கிடைக்கிறது, இரண்டும் சேருமா?" என்று கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம். புதியவர்களுக்கு ஒரு வரி: ஏபி என்பது கூரையிலோ சுவரிலோ இருந்து வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் பெட்டி, கன்ட்ரோலர் என்பது பல ஏபிகளை ஒரே இடத்திலிருந்து மேய்க்கும் சாதனம்.

கேள்வி: வணக்கம் மேடம். எங்கள் பொறியியல் கல்லூரியில் சிஸ்கோ 2504 கன்ட்ரோலர் ஒன்று இருக்கிறது. அதில் 2602ஐ (2602I) ரக ஏபிகள் 31 ஓடுகின்றன. புது ஆய்வகக் கட்டடத்துக்கு இன்னும் 12 வேண்டும். கேட்டலிஸ்ட் 9120 ஏபிகளை நல்ல தள்ளுபடியில் தருவதாக ஒரு விற்பனையாளர் சொல்கிறார். "எல்லாம் ஒரே கம்பெனிதானே, தானாகச் சேர்ந்துகொள்ளும்" என்கிறார். நம்பலாமா?
– ஆய்வகப் பொறுப்பாளர், சேலம்

பதில்: நம்பாதீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, பார்க்காமல் சொல்கிறார். ஒரே கம்பெனி என்பது ஒரே ஊர்க்காரர்கள் என்பது மாதிரி. அதை வைத்துக் கல்யாணம் பேச முடியாது.

நீங்கள் பார்க்கவேண்டியது கன்ட்ரோலரின் பெயரை அல்ல, அதில் ஓடும் சாஃப்ட்வேர் பதிப்பை. ஒவ்வொரு ஏபி ரகத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு: எந்தப் பதிப்பிலிருந்து அது ஏற்கப்படுகிறது, எந்தப் பதிப்போடு கைவிடப்படுகிறது. சிஸ்கோ வெளியிடும் வயர்லெஸ் பொருத்த அட்டவணையில் இந்த இரண்டும் ரகவாரியாக இருக்கும். எல்லோரும் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு அட்டவணையை மூடிவிடுகிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது இரண்டாவது எண்.

உங்கள் கதைக்கு வருவோம். 2504 பெட்டியில் ஏர்ஓஎஸ் (அந்தக் கன்ட்ரோலர் சாஃப்ட்வேரின் பெயர்) 8.5 வரிசைக்கு மேல் ஏறாது. அதோடு அதன் ஆயுள் முடிந்தது. 9120 ஏபியோ 8.9 வரிசைக்கு முன்னால் எந்தப் பதிப்புக்கும் தெரியாத சாதனம். 8.5-ல் ஓடும் கன்ட்ரோலரிடம் அது போய்க் கதவைத் தட்டினால், "நீ யார்?" என்றுதான் கேட்கும். ஆக, 12 பெட்டிகளும் கூரையில் விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும், வைஃபை வராது.

சரி, கன்ட்ரோலரை மாற்றிவிடலாம் என்றால் அங்கே இன்னொரு சிக்கல். உங்கள் 2602ஐ ஏபிகள் 8.5-ஓடு நின்றுவிட்டன. 3504 கன்ட்ரோலர் வாங்கி 8.10 (8.9-க்கு அப்புறம் வந்த பதிப்பு, எட்டு புள்ளி பத்து) போட்டால் 9120 சேரும், பழைய 31-உம் வெளியே நிற்கும். 8.5 போட்டால் பழையவை சேரும், புதியவை நிற்கும். இரண்டும் ஒன்றாக உட்காரக்கூடிய பதிப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு ரூபாய் செலவில்லை. ஒரு தாளில் இரண்டு கோடுகள் போடுங்கள்: 2602-க்கு 7.2-லிருந்து 8.5 வரை ஒரு கோடு, 9120-க்கு 8.9-லிருந்து ஒரு கோடு. கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படுகின்றனவா என்று பார்த்தால் போதும். நான் இன்றைக்கும் இப்படித்தான் பார்க்கிறேன், பழைய டைரியின் பின்பக்கத்தில்.

உங்களுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. பணம் குறைவு என்றால் 2802 ரகத்தைத் தேடுங்கள். அது 8.5-ல் ஓடும், நாளைக்கு நீங்கள் சிஸ்கோவின் புதிய 9800 வரிசைக் கன்ட்ரோலர் வாங்கினாலும் அதிலும் சேரும். 2504-ல் 75 ஏபி வரை இடம் உண்டு, 43 என்பது பிரச்சினையே இல்லை. கொஞ்சம் பணம் இருக்கிறது என்றால் புதுக் கட்டடத்துக்கு மட்டும் தனிக் கன்ட்ரோலர் போடுங்கள். 9800-சிஎல் என்பது சர்வரில் ஓடும் சாஃப்ட்வேர்தான், தனிப் பெட்டி வேண்டாம். ஆனால் ஏபி ஒவ்வொன்றுக்கும் உரிமம் வாங்கவேண்டும். கொட்டேஷனில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். விடுதியும் பழைய கட்டடமும் 2504-ல், ஆய்வகம் புதியதில். மாணவர் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகையில் இணைப்பு ஒருமுறை விட்டு மறுபடி பிடிக்கும். வீடியோ காலில் பேசிக்கொண்டே நடக்கிறவருக்கு மட்டும் அது தெரியும். தெரியட்டும்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் 5508 கன்ட்ரோலர். சாஃப்ட்வேர் 8.0-லேயே நிற்கிறது. ஆடிட்டில் "ஏன் அப்டேட் செய்யவில்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். 8.5-க்கு ஏற்றினால் ஏதாவது ஏபி விழுந்துவிடுமா? எங்களிடம் என்னென்ன ரகம் இருக்கிறது என்பதே சரியாகத் தெரியவில்லை.
– ஐடி பிரிவு, ஈரோடு

பதில்: நீங்கள் கேட்டதே பெரிய விஷயம். நான் கேட்காமல் செய்தேன்.

2018-இல், கோவைப் பக்கம் ஒரு மில்லில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் இருக்கும் அதே 5508, அதே 8.0. சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் 8.5-க்கு ஏற்றுவதாகத் திட்டம். கன்ட்ரோலரில் ஒரு வசதி உண்டு: புதுப் பதிப்பை முன்கூட்டியே எல்லா ஏபிகளுக்கும் அனுப்பி வைத்துவிடலாம், ரீபூட் செய்தவுடன் சீக்கிரம் எழுந்துவிடும். அனுப்பினேன். "ஷோ ஏபி இமேஜ் ஆல்" என்று அடித்தால் எத்தனை முடிந்தது, எத்தனை தோற்றது என்று பட்டியல் வரும். "கம்ப்ளீட்டட்" என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு ரீபூட் கொடுத்துவிட்டேன். அதற்குக் கீழே ஒரு வரி. "நாட் சப்போர்ட்டட்: 17."

அந்தப் பதினேழும் பஞ்சு கோடவுனில் இருந்த 1142 ரக ஏபிகள். அவற்றுக்கு 8.3-தான் கடைசி. கன்ட்ரோலர் எழுந்தது, மற்றவை வந்து சேர்ந்தன, கோடவுனில் மட்டும் மயான அமைதி. கையில் ஸ்கேனரோடு நின்றவர்கள் பேல் எண்ணை அட்டையில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. நல்லவேளை, ஏர்ஓஎஸ் கன்ட்ரோலரில் இரண்டு இமேஜ் (சாஃப்ட்வேர் பிரதி) இருக்கும், புதியது ஒன்று, முந்தையது ஒன்று. முந்தையதிலிருந்து பூட் ஆகச் சொல்லி, ஏபிகள் எல்லாம் மறுபடி பழைய பதிப்பை இறக்கி முடித்து எழ, நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்த மில்லில் யாரும் என்னைத் திட்டவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன் மட்டும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "பேரு தெரியாம பத்திரிகை அச்சடிச்சிட்டீங்க" என்றார்.

ஆகவே முதலில் கணக்கெடுங்கள். ஏணி வேண்டாம். கன்ட்ரோலரில் "ஷோ ஏபி இன்வென்டரி ஆல்" அடித்தால் ஒவ்வொன்றின் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் வரும். கன்ட்ரோலரில் சேராமல் கிடக்கும் ஏபியையும் பிடிக்கலாம்: சிஸ்கோ ஸ்விட்ச் என்றால் "ஷோ சிடிபி நெய்பர்ஸ் டீடெயில்". எந்தப் போர்ட்டில் எந்த மாடல், அதில் எந்தப் பதிப்பு என்பதுவரை சொல்லிவிடும். 1040, 1140 (என் 1142 இந்த வரிசைதான்), 1260 வரிசைகளில் எதையாவது கண்டால் 8.3-க்கு மேல் போகாதீர்கள், அல்லது முதலில் அவற்றை மாற்றுங்கள். 1600, 2600, 3600 வரிசைகள் என்றால் 8.5-க்குத் தாராளமாகப் போகலாம். 5508-உம் அதற்கு மேல் ஏறாது, எல்லாரும் ஒரே ஸ்டாப்பில் இறங்குகிறார்கள்.

கேள்வி: அக்கா, ரிச்சி தெருவில் 2602ஐ ஏபி ஆறு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். என் கன்ட்ரோலர் 5508, பதிப்பு 8.0. அட்டவணையில் பார்த்தேன், பொருத்தம் இருக்கிறது. ஆனால் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று விளக்கு மாறி மாறி எரிகிறதே தவிர, சேரவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டேன் என்கிறார்.
– நெட்வொர்க் சர்வீஸ் செய்பவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், ஏபி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அந்த மூன்று நிற விளக்குக்கு, "கன்ட்ரோலரைத் தேடுகிறேன், சேரப் பார்க்கிறேன்" என்று அர்த்தம். கண்டுபிடிக்கவில்லையா, கண்டுபிடித்தும் உள்ளே விடவில்லையா என்பதுதான் கேள்வி. நீலக் கன்சோல் கேபிளைப் போட்டு, 9600 வேகத்தில் திரையைப் பாருங்கள்.

கன்ட்ரோலரின் ஐபியே திரையில் வரவில்லை என்றால் தேடலில்தான் கோளாறு. ஏபியும் கன்ட்ரோலரும் வேறு வேறு சப்நெட்டில் (நெட்வொர்க் பிரிவில்) இருந்தால் டிஹெச்சிபியில் (ஐபி முகவரி வழங்கும் சேவையில்) 43-ஆம் ஆப்ஷன் கொடுக்கவேண்டும். கன்ட்ரோலர் 192.168.10.5 என்றால் அது இப்படி வரும்: எஃப்1 04 சி0 ஏ8 0ஏ 05. முதல் இரண்டெழுத்து வகை, அடுத்தது நீளம் (ஒரு முகவரிக்கு நாலு பைட்), மிச்சம் 192, 168, 10, 5 ஆகியவற்றின் ஹெக்ஸ் (பதினாறடிமான) வடிவம். பத்தை 0ஏ என்று எழுதாமல் 10 என்றே எழுதிவிட்டு அரை நாள் தேடியவர்களை எனக்குத் தெரியும். ஃபயர்வால் நடுவில் இருந்தால் யுடிபி 5246, 5247 போர்ட்டுகள் இரண்டும் திறந்திருக்கவேண்டும்.

ஐபி வருகிறது, டிடிஎல்எஸ் (ஒருவர் அடையாளத்தை ஒருவர் சோதித்துப் பூட்டிய இணைப்பு போடும் முறை) என்று ஆரம்பித்து சர்டிஃபிகேட் என்று புலம்பி நிற்கிறது என்றால், உங்கள் வழக்கு அதுதான் என்று பந்தயம் கட்டுவேன். ஏபியின் ஸ்டிக்கரில் சீரியல் எண்ணைப் பாருங்கள். மூன்று எழுத்து, அப்புறம் நாலு இலக்கம். உதாரணமாக எஃப்சிடபிள்யூ1724 என்று தொடங்கினால், 17-உடன் 1996-ஐக் கூட்டுங்கள்: 2013. அடுத்த 24 வாரம். அதாவது 2013 ஜூன் வாக்கில் செய்த பெட்டி. தொழிற்சாலையிலேயே உள்ளே வைத்த சர்டிஃபிகேட்டின் (எம்ஐசி என்பார்கள்) ஆயுள் பத்து வருஷம். 2023-இல் அது காலாவதி. ஏபி நன்றாகத்தான் இருக்கிறது, அடையாள அட்டைதான் செத்துப்போனது.

வழி உண்டு. 5508-ல் 8.5 வரிசையின் கடைசிப் பதிப்பைப் போடுங்கள், 2602-க்கு அது ஒத்துவரும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். பிறகு "கான்ஃபிக் ஏபி செர்ட்-எக்ஸ்பைரி-இக்னோர் எம்ஐசி எனேபிள்". இப்போது கன்ட்ரோலர், ஏபியின் காலாவதியைக் கண்டுகொள்ளாது. அப்படியும் சேரவில்லை என்றால் கன்ட்ரோலரின் சர்டிஃபிகேட்டே காலாவதியாகியிருக்கும், அதை ஏபி ஏற்க மறுக்கும். 5508-உம் கிழம்தானே. அப்போது என்டிபியை (கடிகாரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை) அணைத்துவிட்டு, கன்ட்ரோலரின் கடிகாரத்தை அந்த சர்டிஃபிகேட் உயிரோடிருந்த ஒரு தேதிக்குத் திருப்பி வையுங்கள். ஆறும் வந்து சேர்ந்து அமைப்பை வாங்கிக்கொண்ட பிறகு கடிகாரத்தைச் சரிசெய்து என்டிபியைப் போட்டுவிடலாம். கடிகாரம் பின்னால் இருக்கும் அரை மணி நேரத்தில் லாக் பார்த்து யாரும் பயப்படாதபடி சொல்லி வையுங்கள்.

அடுத்த முறை காசு கொடுக்கும் முன் சீரியல் எண்ணைப் படித்துவிடுங்கள். கடையில் நின்றபடியே கூட்டிவிடலாம், கால்குலேட்டர்கூட வேண்டாம்.

கேள்வி: ஏற்காட்டில் 14 அறை லாட்ஜ் வைத்திருக்கிறேன். கேப்வாப் என்று ஒரு பொதுத் தரம் இருப்பதாகப் படித்தேன். அப்படியானால் எந்தக் கம்பெனி ஏபியையும் எந்தக் கம்பெனி கன்ட்ரோலரிலும் போடலாம்தானே?
– லாட்ஜ் உரிமையாளர்

பதில்: ஏபியும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் முறைக்கான தரம் இருக்கிறது ஐயா, 2009-இல் ஆர்எஃப்சி 5415 என்று வெளியிட்டார்கள். ஆனால் எல்லோரும் அதன்மேல் தங்கள் தங்கள் சரக்கை ஏற்றிவிட்டார்கள். பேருந்து நிலையம் பொதுதான், ஒரு பஸ் டிக்கெட் இன்னொரு பஸ்ஸில் செல்லாது. ஒரு கம்பெனியின் ஏபியை இன்னொரு கம்பெனியின் கன்ட்ரோலரில் சேர்க்கலாம் என்று நினைத்து எதையும் வாங்காதீர்கள்.

14 அறைக்குக் கன்ட்ரோலரே வேண்டுமா என்று யோசியுங்கள். தனியாக ஓடும் நாலைந்து ஏபி போதும். அப்படியும் வேண்டும் என்றால் டிபி-லிங்க் ஒமாடா போன்றவை உங்கள் அளவுக்குச் சரி. அதில் கவனிக்கவேண்டியது மாடல் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக அச்சிட்டிருக்கும் வன்பொருள் பதிப்பு: வி1, வி2, வி3. இஏபி225 என்று ஒரே பெயரில் பல பதிப்புகள் விற்பனைக்கு வந்தன. இன்றைய ஒமாடா கன்ட்ரோலரில் வி3-ஐப் போடலாம். பழைய பெட்டி கைமாறி வருகிறது என்றால் அந்த "வி"யைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: கேபிள் டிவியோடு இன்டர்நெட்டும் கொடுக்கிறோம். மைக்ரோடிக் கேப் ஏசி ஏபிகள் இருபது, கேப்ஸ்மேனில் (மைக்ரோடிக்கின் கன்ட்ரோலர்) அழகாக ஓடுகிறது. புதிதாக கேப் ஏஎக்ஸ் நாலு வாங்கினோம். ஒரே பிராண்ட், ஒரே ரவுட்டர்ஓஎஸ் சாஃப்ட்வேர், ஆனால் கேப்ஸ்மேன் அதைப் பார்க்கவே மாட்டேன் என்கிறது.
– ஆபரேட்டர், நாகர்கோவில்

பதில்: உங்கள் கேப்ஸ்மேன் பழைய கேப்ஸ்மேன். ரவுட்டர்ஓஎஸ்ஸில் இப்போது இரண்டு உண்டு: பழைய "வயர்லெஸ்" வழி ஒன்று, புதிய "வைஃபை" வழி ஒன்று. புதிய ஏபி புதியதில் மட்டும் சேரும், பழைய டிரைவர் ஓடும் ஏபி பழையதில் மட்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாரும் ஏமாறுகிறோம், நானும் ஏமாந்தேன்.

7.13 பதிப்பிலிருந்து இந்த டிரைவர்கள் தனித்தனி பேக்கேஜ்களாகப் பிரிந்துவிட்டன. உங்கள் கேப் ஏசியில் பழைய "வயர்லெஸ்" பேக்கேஜை எடுத்துவிட்டு "வைஃபை-குவால்காம்-ஏசி" வகையைப் போட்டால், இருபத்துநாலும் புதிய கேப்ஸ்மேனில் ஒன்றாக உட்காரும். இரண்டு எச்சரிக்கை. கேப் ஏசியில் ஃபிளாஷ் 16 எம்பிதான். தேவையில்லாத பேக்கேஜ், பேக்கப் கோப்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். இன்னொன்று, பழைய அமைப்பு தானாக மாறி வராது, புதிதாக எழுதவேண்டும். வாடிக்கையாளர்களை விஎல்ஏன் (ஒரே கம்பியில் தனித்தனி நெட்வொர்க்) போட்டுப் பிரித்திருந்தால் இன்னும் வேலை: ஏசி ரகத்துக்கு விஎல்ஏன் எண்ணைக் கேப்ஸ்மேனிலிருந்து தள்ள முடியாது, ஒவ்வொரு ஏபியின் பிரிட்ஜிலும் கையால் போடவேண்டும். இருபது ஏபிக்கு இது ஒரு நாள் வேலை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல் முதலில் ஆபீஸில் இருக்கும் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஏபி கன்ட்ரோலரில் சேர்ந்துவிட்டது, பெயரும் தெரிகிறது. ஆனால் சிக்னல் அரைகுறை. பொருத்தம் இல்லையோ?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஸ்விட்சைப் பாருங்கள். பழைய பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும் ரகம்) போர்ட்டுக்கு 15.4 வாட்தான் தரும், புதிய ஏபிகள் பல 30 வாட் ரகத்தைக் கேட்கும். பசியோடு வேலை செய்கிற ஏபி ரேடியோவைக் குறைத்துக்கொள்ளும். கன்ட்ரோலர்மேல் பழி வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து என் மைத்துனர் சிஸ்கோ 2702 ஏபி இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். ஆபீஸில் 9800-எல் கன்ட்ரோலர், பதிப்பு 17-ஏதோ. போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: "17-ஏதோ" என்றால் எப்படி ஐயா? இந்த ரகத்துக்கு அந்த "ஏதோ"தான் முக்கியம். 2702-ஐ 17.3 வரை ஏற்றுக்கொண்டார்கள், 17.4-ல் நீக்கினார்கள், 17.9.3-ல் மறுபடி சேர்த்தார்கள். உங்களிடம் 17.6 இருந்தால் சேராது, 17.3-ஓ 17.9.3-ஓ இருந்தால் சேரும்.

அப்புறம், மாடல் எண்ணின் கடைசியில் "கே9"-க்கு முன்னால் வரும் எழுத்து. அது எந்த நாட்டு ரேடியோ விதிக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். அமெரிக்காவுக்கு "ஏ" அல்லது "பி", இந்தியாவுக்கு "டி". கன்ட்ரோலரில் இந்தியா மட்டும் அமைத்திருந்தால் "ஏ" ஏபி பட்டியலில் வரும், ரேடியோ மட்டும் எழாது. கன்ட்ரோலரில் அமெரிக்காவையும் சேர்த்துவிடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். எழும்தான், ஆனால் அங்கத்தைய அலைவரிசைக்கும் சக்திக்கும் எழும். இங்கே 5 கிகாஹெர்ட்ஸில் எந்தெந்தப் பட்டைக்கு உரிமம் வேண்டாம், எவ்வளவு சக்தி என்பதற்கு 2018 அக்டோபர் அறிவிக்கை இருக்கிறது. அதைத் தாண்டி ஓட்ட நான் சொல்லமாட்டேன்.

எதற்கும் ஏபியைத் திருப்பி ஸ்டிக்கரை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சீரியல் எண்ணும் தெரியட்டும். 2702 என்றால் அதுவும் பத்து வருஷக் கணக்கை எட்டியிருக்கும்.